மூன்று தளங்களிலும் சீரான வைஃபை: கான்கிரீட் வீட்டுக்கான முழுமையான வழிகாட்டி

ஃபைபர் இணைப்பு எடுத்த மாடி வீட்டுக்காரர்களில் பலர் ஒரே குறையைச் சொல்கிறார்கள். கீழ்த்தளத்து ஹாலில் நிறுவனம் சொன்ன வேகம் அப்படியே கிடைக்கிறது. முதல் மாடியின் பின்னறையில் வீடியோ அழைப்பு விட்டுவிட்டு வருகிறது. இரண்டாம் மாடிக்கு ஏறினால் கைப்பேசி தானாகவே மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடுகிறது. இதைப் பார்த்து 100 எம்.பி.பி.எஸ். திட்டத்தை 300ஆக உயர்த்துபவர்கள் உண்டு. கட்டணம் கூடுமே தவிர, மாடியறையின் நிலை மாறாது. ஏனெனில் தடை இருப்பது வீட்டுக்குள் வரும் இணைப்பில் அல்ல, வீட்டின் கட்டுமானத்தில்.

இந்தக் கட்டுரை கீழ்த்தளமும் இரண்டு மாடிகளும் கொண்ட, தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படும் கான்கிரீட் தனி வீட்டை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. சொல்ல வருவது ஒன்றுதான்: ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு இணையத்தைக் கேபிள் வழியாக ஏற்றுங்கள்; தளத்துக்குள் பரப்பும் வேலையை மட்டும் வைஃபையிடம் விடுங்கள். கேபிள் இழுக்கவே முடியாத வீடுகளுக்கான மாற்று வழிகளும் பின்னர் வருகின்றன. ஆனால் அவை மாற்று வழிகளே.

ஸ்லாப் என்ன செய்கிறது

வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 5.5 சென்டிமீட்டர். நம் வீட்டு மேல்தளம், அதாவது ஸ்லாப், ஏறத்தாழ 5 அங்குலம் தடிமன் கொண்ட கான்கிரீட். அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக, சுமார் 6 அங்குல இடைவெளியில், இரும்புக் கம்பிகள் கட்டப்பட்டிருக்கின்றன. கான்கிரீட் அலையின் ஆற்றலை உறிஞ்சுகிறது. கம்பி வலை அதைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு ஸ்லாப்பிலேயே பொதுவாக 10 முதல் 20 டெசிபல் வரை இழப்பை உண்டாக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் இழப்பு இன்னும் அதிகம். 10 டெசிபல் இழப்பு என்றால் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள்; 20 டெசிபல் என்றால் நூறில் ஒரு பங்கு. கீழ்த்தளத்து ரவுட்டரின் சிக்னல் இரண்டு ஸ்லாப்களைத் தாண்டி இரண்டாம் மாடிக்கு வந்து சேரும்போது என்ன மிஞ்சியிருக்கும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

நீண்ட ஆன்டெனாக்கள் கொண்ட, விலை உயர்ந்த ஒரே ரவுட்டர் இதைச் சரிசெய்துவிடும் என்று கடைகளில் சொல்வதை நம்பிப் பணத்தைச் செலவிடாதீர்கள். வைஃபை ஓர் இருவழிப் பேச்சு. ரவுட்டர் எவ்வளவு உரக்க ஒலிபரப்பினாலும், கைப்பேசியின் சிறிய ஆன்டெனா திருப்பி அனுப்பும் பலவீனமான அலை அதே ஸ்லாப்பைத் தாண்டி ரவுட்டரை அடைந்தாக வேண்டும். சிக்னல் கோடுகள் நிறையத் தெரிந்தும் மாடியில் பக்கங்கள் திறக்காமல் சுற்றிக்கொண்டிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முதற்படி: அளந்து குறித்துக்கொள்ளுதல்

எதையும் வாங்குவதற்கு முன்பு, வீடு முழுவதும் சிக்னலை எண்ணால் அளந்துவிட வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைஃபை அனலைசர் வகைச் செயலி எதுவும் போதும். ஐபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யுட்டிலிட்டி செயலியை நிறுவி, அமைப்புகளில் அதற்குரிய வைஃபை ஸ்கேனரை இயக்கினால் அதே எண் கிடைக்கும். மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி வைஃபை குறியைச் சொடுக்கினாலே போதும்.

கிடைக்கும் எண் டி.பி.எம். என்ற அலகில், மைனஸ் குறியுடன் இருக்கும். பூஜ்ஜியத்துக்கு நெருங்க நெருங்கச் சிக்னல் வலுவானது. மைனஸ் 50 மிக நன்று; மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு தடையின்றி நடக்கும்; மைனஸ் 70ஐத் தாண்டினால் தடுமாற்றம் தொடங்கும்; மைனஸ் 80 என்பது பெயருக்குத்தான் இணைப்பு. ஒவ்வோர் அறையிலும், படிக்கட்டின் திருப்பத்திலும், கட்டில் தலைமாட்டிலும், படிப்பு மேசையிலும் கைப்பேசியைச் சற்று நேரம் அசையாமல் வைத்து, 2.4, 5 ஆகிய இரண்டு அலைவரிசைகளின் எண்களையும் ஒரு தாளில் வரைந்த தளப்படத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கதவுகளை வழக்கமாக எப்படி வைத்திருப்பீர்களோ அப்படியே வைத்து அளக்க வேண்டும்.

சிக்னல் அளவுடன் வேகத்தையும் தனியே சோதிக்க வேண்டும். ரவுட்டரின் லேன் போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) மடிக்கணினியைக் கேபிளால் இணைத்து வேகச் சோதனை செய்யுங்கள். அங்கேயே வேகம் குறைவாக இருந்தால் குறை நிறுவனத்தின் பக்கம். வைஃபையில் எதைச் செய்தாலும் பயனில்லை. 200 எம்.பி.பி.எஸ். திட்டம் எடுத்தும் சோதனையில் 90 முதல் 95க்குள்ளேயே எப்போதும் நின்றால், ரவுட்டரின் போர்ட் அல்லது இடையிலுள்ள கேபிள் 100 எம்.பி.பி.எஸ். அளவிலேயே இயங்குகிறது என்பது ஏறக்குறைய உறுதி. பழைய ரவுட்டர்கள் பலவற்றில் போர்ட்டுகள் அந்த அளவுக்கு மேல் போகாது.

இரண்டாம் படி: செலவில்லாமல் கிடைப்பதை முதலில் பெறுதல்

ஃபைபர் வந்து சேரும் இணைப்புப் பெட்டியை (பல வீடுகளில் ரவுட்டரும் இதுவே) பெரும்பாலும் வாசலுக்கு அருகில், கேபிள் உள்ளே வந்த மூலையிலேயே ஆணியடித்து மாட்டிவிடுகிறார்கள். டி.வி. அலமாரிக்குள்ளும், ஸ்டீல் பீரோவின் பின்னாலும், பரணுக்கு மேலும் ரவுட்டர் கிடக்கும் வீடுகள் ஏராளம். பீரோ, குளிர்சாதனப் பெட்டி, பெரிய நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவை அலையை மறிப்பவை. மைக்ரோவேவ் அடுப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே இயங்குவதால், ஓடும் நேரமெல்லாம் அருகிலுள்ள வைஃபையைக் குலைக்கும். ரவுட்டரைத் தரையிலிருந்து ஐந்தாறு அடி உயரத்தில், திறந்த இடத்தில், இயன்றவரை வீட்டின் நடுப்பகுதியில் வையுங்கள்.

ஆன்டெனாவின் நிலையும் முக்கியம். நிமிர்ந்து நிற்கும் குச்சி ஆன்டெனாவிலிருந்து அலை மெதுவடையின் வடிவத்தில் பக்கவாட்டில் பரவுகிறது. குச்சியின் நுனி நோக்கும் திசையில், அதாவது நேர் மேலேயும் நேர் கீழேயும், மிகக் குறைவாகவே செல்கிறது. மாடிக்கும் சிக்னல் வேண்டுமானால் ஓர் ஆன்டெனாவையாவது படுக்கை நிலைக்குச் சாய்த்துவிட்டு, மேலறையில் மீண்டும் அளந்து பாருங்கள். சில டெசிபல் கிடைக்கும். ஒரு நிமிட வேலைக்கு அது நல்ல பலன்.

மாடிப்படி வீட்டுக்குள்ளேயே இருந்தால் அதுவே ஸ்லாப்பில் உள்ள மிகப் பெரிய திறப்பு. ரவுட்டரைப் படிக்கட்டின் அடியிலோ எதிரிலோ வைத்தால், அலை கான்கிரீட்டைத் துளைக்காமல் அந்தத் திறப்பின் வழியே மேலே ஏறும். படிக்கட்டு வெளியே இருக்கும் வீடுகளுக்கு இந்த வசதி கிடையாது.

இவற்றைவிடப் பெரிய பலன் தருவது, இணைப்புப் பெட்டியையே முதல் மாடிக்கு மாற்றுவது. மூன்று தளங்களில் நடுத்தளத்தில் ரவுட்டர் இருந்தால், எந்தத் தளத்துக்கும் ஒரு ஸ்லாப்புக்கு மேல் குறுக்கே நிற்காது. இணைய நிறுவனத்தின் லைன்மேனிடம் கேட்டால் ஃபைபரை வெளிச்சுவர் வழியாக முதல் மாடிக்கு ஏற்றிக் கொடுப்பார். இந்த வேலையை நீங்களே செய்ய வேண்டாம். ஃபைபரின் பச்சை நிற முனையை நீல நிற முனைக்கான இணைப்பில் செருகினால் ஒளி இழப்பு கூடும். இறுக்கி மடித்தால் உள்ளிருக்கும் கண்ணாடி இழை முறியும். கழற்றிய முனையைக் கண்ணால் உற்றுப் பார்ப்பது ஆபத்து. பெட்டியின் பின்னாலுள்ள சிறு துளையில் ஊசியை விட்டு ரீசெட் செய்வதையும் தவிர்த்துவிடுங்கள். பல நிறுவனங்களின் பெட்டிகளில் இணைப்புக்கான அமைப்புகளே அழிந்துபோய், ஆள் வந்து மீண்டும் உள்ளிடும்வரை இணையம் இருக்காது.

இதையெல்லாம் செய்து முடித்து மறுபடி அளந்தபோது எல்லா அறைகளும் மைனஸ் 67க்குள் வந்துவிட்டால், அதற்கு மேல் எதுவும் வாங்கத் தேவையில்லை. சிறிய வீடுகளில் இது நடக்கக்கூடியதே. பெரிய வீடுகளில் அடுத்த படி தேவைப்படும்.

மூன்றாம் படி: தளங்களுக்கு இடையே கேபிள்

மொத்த வேலையிலும் உழைப்பு மிகுந்தது இந்தப் படிதான். நீடித்த பயன் தருவதும் இதுவே. ஒருமுறை ஒழுங்காக இழுத்த கேபிள், ரவுட்டர்கள் மாறி மாறி வந்தாலும், பல ஆண்டுகள் அப்படியே உழைக்கும்.

முதலில் வழியைத் தேட வேண்டும். சுவரை உடைக்க வேண்டியிருக்கும் என்று பலர் பின்வாங்குகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் அதற்கு அவசியம் இருப்பதில்லை. கட்டும்போதே மொட்டை மாடியிலிருந்து ஒவ்வொரு தளத்து ஹாலுக்கும் டி.வி. கேபிளுக்காகவும், தொலைபேசிக்காகவும் சுவருக்குள் பி.வி.சி. குழாய் பதித்திருப்பார்கள். தொலைபேசிக் குழாய் இன்று பெரும்பாலும் பயனற்றுக் கிடக்கிறது. சுவிட்ச் பாக்ஸின் மூடியைக் கழற்றி எந்தக் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். கழற்றும் முன் மெயினை அணைத்துவிடுங்கள். மின் கம்பிகள் ஓடும் குழாயில் லேன் கேபிளை நுழைக்கவே கூடாது. 230 வோல்ட் கம்பியின் உறை எங்காவது உரிந்தால், அந்த மின்சாரம் லேன் கேபிள் வழியாக உங்கள் கைக்கும் கருவிகளுக்கும் வந்து சேரும். வெளியே இணையாகக் கொண்டுசெல்ல நேர்ந்தாலும் மின் கம்பியிலிருந்து இடைவெளி விட்டு, குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்க வேண்டும்.

குழாய்க்குள் பயன்பாட்டில் இல்லாத பழைய கேபிள் இருந்தால் அது ஒரு வரப்பிரசாதம். புதிய லேன் கேபிளின் முனையைப் பழைய கேபிளின் முனையோடு நேர்க்கோட்டில் வைத்து, முடிச்சுப் போடாமல், இன்சுலேஷன் டேப்பால் நீளமாகச் சுற்றுங்கள். முடிச்சு போட்டால் அந்தத் தடிப்பு வளைவில் சிக்கிக்கொள்ளும். மேல்தளத்தில் ஒருவர் பழைய கேபிளை மெதுவாக இழுக்க, கீழே ஒருவர் புதியதை முறுக்கில்லாமல் ஊட்டிவிட வேண்டும். ஓரிடத்தில் நின்றுவிட்டால் பலத்தைக் கூட்டாமல், அரை அடி திரும்பத் தளர்த்தி மீண்டும் இழுங்கள். லேன் கேபிளை சுமார் 11 கிலோ விசைக்கு மேல் இழுத்தால் உள்ளே இருக்கும் முறுக்கு இணைகள் நீண்டு தரம் கெட்டுவிடும். குழாய் காலியாக இருந்தால் எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் ஸ்பிரிங்கை முதலில் விட்டு, அதன் நுனியில் கேபிளைக் கட்டி இழுக்கலாம். ஒன்றுக்குப் பதில் இரண்டு கேபிள்களைச் சேர்த்தே இழுத்துவிடுவது என் உறுதியான பரிந்துரை. இரண்டாவதற்கான கேபிள் விலை சிறியது, மறுபடியும் இழுப்பதற்கான சிரமம் பெரியது.

உள்ளே வழியே இல்லாத வீட்டில், ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில் துளையிட்டு வெளிச்சுவர் வழியாக ஏற்றலாம். துளையை வெளிப்புறம் நோக்கிச் சற்றுச் சரிவாகப் போட்டால் மழைநீர் உள்ளே வராது. கேபிள் உள்ளே நுழையும் இடத்துக்குக் கீழே ஒரு சிறு தொங்கல் வளைவு விட்டால், கேபிளில் வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். வெளிப்புறத்துக்கென்று தயாரித்த, வெயிலைத் தாங்கும் கறுப்பு உறை கொண்ட கேபிளையே இதற்கு வாங்க வேண்டும். சாதாரண சாம்பல் நிற உறை நம் வெயிலில் வெடித்துவிடும்.

எந்தக் கேபிள்? கேட் 6 வாங்குங்கள். 1 கிகாபிட் (1000 எம்.பி.பி.எஸ்.) வேகத்தை 100 மீட்டர் வரை கேட் 5ஈ கேபிளே கொண்டுசெல்லும். கேட் 6 கூடுதலாக 10 கிகாபிட்டை 55 மீட்டர் வரை தாங்கும். வகையைக் காட்டிலும் முக்கியமானது உள்ளே இருக்கும் உலோகம். மலிவாகக் கிடைக்கும் கேபிள்கள் சிலவற்றில் அலுமினியக் கம்பிமேல் தாமிரப் பூச்சு மட்டுமே இருக்கும். ஒரு கம்பியின் மேற்புறத்தைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம். அது எளிதில் ஒடியும். மின்சாரத்தையும் சேர்த்து அனுப்பும்போது சூடாகும். சுத்தத் தாமிரம் என்று உறையிலேயே அச்சிட்ட கேபிளுக்குக் கூடுதல் விலை கொடுப்பது தகும்.

முனை கட்டுதல்

கேபிளின் வெளியுறையை ஓர் அங்குலம் நீக்கி, நான்கு இணைகளையும் பிரித்து, எட்டுக் கம்பிகளையும் இந்த வரிசையில் அடுக்குங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. கேபிள் முனையில் மாட்டும் பிளக்கின் கிளிப் கீழ்நோக்கியும், கம்பி நுழையும் வாய் உங்களை நோக்கியும் இருக்கும்படி பிடித்தால், இந்த வரிசை இடமிருந்து வலமாக வரும். விரல்களால் நீவி நேராக்கி, அரை அங்குலம் மட்டும் விட்டு ஒரே வெட்டில் நறுக்கி, பிளக்கின் முன்சுவரை எட்டுக் கம்பி நுனிகளும் தொடும்வரை தள்ளுங்கள். வெளியுறையின் ஒரு பகுதியும் பிளக்குக்குள் சென்றிருக்க வேண்டும். கேபிளை இழுத்தால் சுமையைத் தாங்குவது அந்த உறைதான், கம்பிகள் அல்ல. பிறகு கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். மறுமுனைக்கும் அதே வரிசை.

கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்குகளும் வரிசையாக எரிகின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். நீலம், பழுப்பு இணைகளில் ஒரு கம்பி சரியாகப் பதியாவிட்டாலும் இணையம் வரும். ஏனெனில் 100 எம்.பி.பி.எஸ். வேகத்துக்கு ஆரஞ்சு, பச்சை என்ற இரண்டு இணைகளே போதும். கிகாபிட் வேகத்துக்கு நான்கு இணைகளும் வேண்டும். ஆகவே வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாக இயங்கும், வேகம் மட்டும் 95ஐத் தாண்டாது. முன்பு சொன்ன அந்த 95ஐ மாடியில் பார்த்தால், ரவுட்டரைக் குறை சொல்வதற்கு முன் பிளக்குகளை வெட்டிப் புதிதாகக் கட்டுங்கள்.

நான்காம் படி: ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் ஆக்சஸ் பாயிண்ட்

மேலே வந்த கேபிளின் முனையில் வைஃபை பரப்பும் கருவியை மாட்ட வேண்டும். இதற்கெனவே விற்கப்படும் ஆக்சஸ் பாயிண்டை வாங்கலாம். வீட்டில் கிடக்கும் பழைய ரவுட்டரையும் அவ்வாறு மாற்றலாம். தடுக்கி விழும் இடம் இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ரவுட்டரை அப்படியே செருகினால் அது தன்னையே ஒரு தனி வீடாக நினைத்துக்கொண்டு, தனக்குக் கீழே இன்னொரு உள்வலையை உருவாக்கும். இணையம் இயங்கும். ஆனால் கீழ்த்தளத்து டி.வி.க்கு மாடியிலிருந்து வீடியோவை அனுப்ப முடியாது, பிரிண்டர் தெரியாது, கேமரா செயலி தடுமாறும். இது நடந்திருக்கிறதா என்று அறிய, கைப்பேசியின் வைஃபை விவரத்தில் ஐ.பி. முகவரியை (வலையில் அந்தக் கருவிக்குரிய எண்ணை) பாருங்கள். கீழே 192.168.1 என்று தொடங்குவது, மாடியில் 192.168.0 என்று தொடங்கினால் வலை இரண்டாகப் பிரிந்துவிட்டது.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆக்சஸ் பாயிண்ட் மோடு இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். இல்லாத பழைய ரவுட்டரில் கையால் செய்ய வேண்டும். பிரதான ரவுட்டருடன் இணைப்பதற்கு முன்பே, மடிக்கணினியை மட்டும் அதனுடன் கேபிளால் இணைத்து அமைப்புப் பக்கத்துக்குள் செல்லுங்கள். முதலில் வைஃபை பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு முறை மூன்றையும் அமைத்துவிடுங்கள். அடுத்து அதன் லேன் முகவரியை மாற்றுங்கள்: பிரதான ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 தரலாம், ஆனால் பிரதான ரவுட்டர் தானாக வழங்கும் முகவரிகளின் எல்லைக்குள் அந்த எண் இருக்கக் கூடாது. இறுதியாக, கருவிகளுக்கு முகவரியைத் தானாக வழங்கும் டி.எச்.சி.பி. சேவையை அணைத்துச் சேமியுங்கள். அதன் பிறகு கீழிருந்து வரும் கேபிளை லேன் போர்ட்டுகளில் ஒன்றில் செருகுங்கள். வேறு நிறத்தில் தனியாக இருக்கும் வான் போர்ட்டை (வெளியிலிருந்து இணையம் வருவதற்கான துளையை) காலியாக விட்டுவிட வேண்டும். ஒரே இரு கருவிகளுக்கு இடையே இரண்டு கேபிள்களைச் செருகிவிடாதீர்கள்; தகவல் சுற்றிச்சுற்றி வந்து மொத்த வீட்டு வலையும் நின்றுபோகும்.

புதிதாக வாங்குபவர்கள் கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் ஆக்சஸ் பாயிண்டை வாங்குவது நல்லது. பி.ஓ.இ. எனப்படும் இம்முறையின் 2003ஆம் ஆண்டுத் தரப்படி 15.4 வாட்டும், 2009ஆம் ஆண்டுத் தரப்படி 30 வாட்டும் அனுப்ப முடியும். இதனால் பிளக் பாயிண்ட் இல்லாத இடத்திலும், மாடியறைகளுக்கு நடுவே கூரையில் கருவியைப் பொருத்தலாம். கூரையில் பொருத்தும் கருவிகள் தங்கள் சிக்னலைக் கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் பரப்பும் வகையில் அமைந்தவை. அதனால் மேசைமேல் கிடத்தாமல், அவற்றுக்குரிய நிலையிலேயே பொருத்துங்கள்.

ஐந்தாம் படி: சேனல்களும் ஒலிபரப்பு வலிமையும்

சேனல் என்பது ஓர் அலைவரிசைக்குள் இருக்கும் தனிப் பாதை. மூன்று தளங்களிலும் மூன்று கருவிகள் ஒரே சேனலில் இயங்கினால் ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. தளத்துக்கு ஒன்றாக ஒதுக்கி, சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். நெருக்கமான தெருவில் பக்கத்து வீடுகளின் வைஃபைகளும் அங்கே இருக்கும் என்பதால், இந்த அலைவரிசையிலிருந்து அதிக வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

வேகத்துக்கு உரியது 5 கிகாஹெர்ட்ஸ். 2018 அக்டோபரில் மத்திய அரசு இப்பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்ததால், இந்தியாவில் இதில் தாராளமாக இடம் இருக்கிறது. கீழ்த்தளத்துக்குச் சேனல் 36, முதல் மாடிக்கு 149, இரண்டாம் மாடிக்கு மீண்டும் 36 என்று வைத்து, அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸாக அமைக்கலாம். கீழ்த்தளத்துக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் இரண்டு ஸ்லாப்கள் இருப்பதால் அவை ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. இதுவரை நமக்கு எதிரியாக இருந்த கான்கிரீட் இங்கே உதவிக்கு வருகிறது.

வலிமையைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் உச்சத்தில் வைப்பது தவறு. 2.4 கிகாஹெர்ட்ஸை நடுத்தர அளவுக்குக் குறையுங்கள். இல்லாவிட்டால் மாடிக்குப் போன பிறகும் கைப்பேசி கீழ்த்தளத்து 2.4 சிக்னலையே பிடித்துக்கொண்டிருக்கும்.

நடமாடும்போது இணைப்பு மாறுவது

மூன்று கருவிகளுக்கும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் ஒரே பாதுகாப்பு முறையும் இருந்தால், கைப்பேசி தானாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். எப்போது மாறுவது என்று தீர்மானிப்பது ரவுட்டர் அல்ல, கைப்பேசியே. ஆப்பிள் வெளியிட்டிருக்கும் விளக்கத்தின்படி, ஐபோன் தன் சிக்னல் மைனஸ் 70க்குக் கீழே போன பிறகே வேறு ஆக்சஸ் பாயிண்டைத் தேடத் தொடங்குகிறது. தகவல் பரிமாற்றம் நடந்துகொண்டிருந்தால் புதியது 8 டெசிபலாவது வலுவாக இருந்தால்தான் மாறுகிறது. எனவே படிக்கட்டின் நடுப்பகுதியில் இரண்டு தளங்களின் சிக்னலும் மைனஸ் 65 முதல் 70 வரை இருக்கும்படி கருவிகளின் இடத்தையும் வலிமையையும் அமைப்பது நல்ல இலக்கு.

802.11 என்ற வைஃபை தரத்தின் கே, வி, ஆர் ஆகிய மூன்று வசதிகளும் இந்த மாற்றத்தை விரைவாக்குகின்றன. கே என்பது அருகிலுள்ள கருவிகளின் பட்டியலைக் கைப்பேசிக்குத் தருகிறது. வி என்பது எங்கே மாறலாம் என்று பரிந்துரைக்கிறது. ஆர் என்பது மாறும்போது நடக்கும் கடவுச்சொல் சரிபார்ப்பைச் சுருக்குகிறது. ஒரே நிறுவனத்தின் ஒரே தொகுப்பில் வரும் கருவிகளை வாங்கினால் இவை சேர்ந்து இயங்கும். வெவ்வேறு பழைய ரவுட்டர்களைச் சேர்த்து அமைத்த வலையில் மாறும் கணத்தில் அழைப்பு ஓரிரு நொடி நின்று வரக்கூடும். உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு அது பெரிய குறையாகாது. பழைய பிரிண்டரோ ஸ்மார்ட் விளக்கோ இணைய மறுத்தால் முதலில் ஆர் வசதியை அணைத்துப் பாருங்கள்.

கேபிள் இழுக்கவே முடியாவிட்டால்

வாடகை வீட்டில் துளையிட அனுமதி கிடைக்காது. சில வீடுகளில் குழாய்கள் அடைத்துப் போயிருக்கும். அத்தகைய இடங்களில், கேபிள் இல்லாமல் தங்களுக்குள் வைஃபையாலேயே பேசி இணையத்தைக் கடத்தும் கருவிகளான மெஷ் தொகுப்பை வாங்கலாம். இரண்டு அலைவரிசைகள் மட்டும் கொண்ட மெஷ்ஷில், கருவிகள் தங்களுக்குள் பேசும் அதே அலைவரிசையில்தான் உங்கள் கைப்பேசியும் பேச வேண்டியிருப்பதால், ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. மூன்று அலைவரிசைகள் கொண்டவை தங்களுக்குள் பேச ஒன்றைத் தனியாக ஒதுக்கிக்கொள்வதால் இந்த இழப்பு குறைகிறது. வாங்கும்போது, பிற்காலத்தில் கேபிள் இணைத்தால் கேபிள் வழியே பேசக்கூடியதா என்பதையும், போர்ட் கிகாபிட்தானா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மெஷ் கருவியையும், வரும் சிக்னலை வாங்கித் திரும்பப் பரப்பும் ரிப்பீட்டரையும் வைக்கும் இடத்தில்தான் வெற்றி இருக்கிறது. சிக்னலே வராத அறையில் வைத்தால், வராத சிக்னலைத்தான் அது திரும்பப் பரப்பும். முதற்படியில் வரைந்த தளப்படத்தை எடுத்து, 5 கிகாஹெர்ட்ஸில் மைனஸ் 60 முதல் 67 வரை உள்ள இடத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் அது படிக்கட்டின் திருப்பமாக இருக்கும். வெளிப்புறப் படிக்கட்டு உள்ள வீட்டில், கீழ்த்தளத்து ஜன்னலோரம் ஒன்றும் அதற்கு நேர் மேலுள்ள மாடி ஜன்னலோரம் ஒன்றுமாக வைத்தால், அலை ஸ்லாப்பைச் சுற்றிக்கொண்டு வெளிக்காற்று வழியாக ஏறும்.

மின்கம்பி வழியாக இணையத்தை அனுப்பும் பவர்லைன் அடாப்டரை நம் வீடுகளுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. இரண்டு அடாப்டர்களும் ஒரே ஃபேஸில் இருந்தால்தான் அவை நன்றாக இயங்கும். நம்மிடம் த்ரீ ஃபேஸ் இணைப்பில் தளத்துக்கு ஒரு ஃபேஸ் பிரித்திருப்பார்கள். மாடிக்குத் தனி மீட்டரே இருக்கும் வீடுகளும் உண்டு.

மின்தடை, மொட்டை மாடி, பாதுகாப்பு

மூன்று கருவிகள் இருக்கும்போது மூன்றுக்கும் தடையில்லா மின்சாரம் வேண்டும். கீழே ரவுட்டர் இன்வெர்ட்டரில் இயங்கி, மாடியிலுள்ள கருவி சாதாரண பிளக்கில் இருந்தால் மின்தடையில் மாடியில் இணையம் நின்றுவிடும். பி.ஓ.இ. முறையின் பெரிய நன்மை இங்கே தெரிகிறது: கீழ்த்தளத்தில் இணைப்புப் பெட்டி, ரவுட்டர், கேபிள்களுக்கு இணையத்தையும் மின்சாரத்தையும் பிரித்துக் கொடுக்கும் பி.ஓ.இ. ஸ்விட்ச் மூன்றையும் ஒரே இன்வெர்ட்டர் பாயிண்டில் மாட்டினால் எல்லாத் தளங்களும் சேர்ந்து இயங்கும். மின்சாரம் போகும் கணத்தில் ரவுட்டர் அணைந்து மறுபடி தொடங்குகிறது என்றால், இன்வெர்ட்டரில் யு.பி.எஸ். மோடுக்கான பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து அதற்கு மாற்றுங்கள். அதில் மாறும் நேரம் குறைவு. அதுவும் போதாவிட்டால் 12 வோல்ட் ரவுட்டர்களுக்கென்றே விற்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்று உதவும், வாங்கும் முன் அடாப்டரில் அச்சிட்ட வோல்ட், ஆம்பியர் அளவுகளை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடி அறைக்குக் கேபிள் கொண்டுபோகிறவர்கள் இடியை மறக்கக் கூடாது. திறந்தவெளியில் ஓடும் தாமிரக் கேபிளில், அருகில் மின்னல் இறங்கினாலே தூண்டப்படும் மின்னழுத்தம் இரு முனைகளிலுள்ள கருவிகளையும் எரித்துவிடக்கூடும். நீண்ட வெளிப்புற ஓட்டத்துக்கு உலோகக் கம்பி இல்லாத ஃபைபரும், இரு முனைகளில் ஃபைபரையும் லேன் கேபிளையும் இணைத்துத் தரும் மீடியா கன்வெர்ட்டரும் பாதுகாப்பானவை. தாமிரம்தான் என்றால் எர்த்துடன் இணைத்த, திடீர் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் கேபிளைக் கழற்றிவைப்பதும் நல்ல பழக்கம்.

கடைசியாகக் கருவிகள் எல்லாவற்றிலும் டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 பாதுகாப்பை இயக்கி, கடவுச்சொல் இல்லாமலே கருவிகளை இணைய விடும் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்து, அமைப்புப் பக்கத்துக்கான தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். விருந்தினர்களுக்கும் கேமரா, ஸ்மார்ட் பிளக் போன்றவற்றுக்கும் தனி விருந்தினர் வலை தருவது நல்லது. ஆனால் பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்டாக மாற்றியிருந்தால் அதில் விருந்தினர் வலை பெயருக்கு மட்டும் தனியாக இருந்து, உள்ளே பிரியாமல் போகலாம். விருந்தினர் வலையில் இணைந்து, பிரதான ரவுட்டரின் முகவரியைத் திறந்து பாருங்கள். பக்கம் திறந்தால் அது பிரியவில்லை. எந்தக் கேபிள் எந்தத் தளத்துக்குப் போகிறது என்று இரு முனைகளிலும் சீட்டு ஒட்டி, கருவிகளின் முகவரி, சேனல் விவரங்களை எழுதிய தாளை ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வையுங்கள்; பழுது பார்க்க வருபவருக்கும், நீங்கள் ஊரில் இல்லாதபோது வீட்டில் இருப்பவர்களுக்கும் முதலில் தேவைப்படுவது அந்தத் தாள்தான்.